சூப்பு எலும்பு

வரமாட்டேன் என்கிறது. ஆறு கம்பியையும் தளர்த்தி விட்டாயிற்று, அவை சீப்புப் படாத தலைமுடி மாதிரி பிரிந்து பிரிந்து கிட்டாரின் வயிற்றின்மேல் கிடக்கின்றன, ஒன்று என் முழங்கையைக் குத்தியும் விட்டது, ஆனால் இந்த எலும்பு மட்டும் தன் பள்ளத்தைவிட்டு அசையமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரரைப் போலவே. எலும்பு என்றுதான் இந்த வீட்டில் அதற்குப் பெயர். கம்பிகள் வந்து முடிகிற கட்டைமேல் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை. அதன் முதுகில் ஏறித்தான் கம்பிகள் கழுத்துவரைக்கும் போகின்றன. அது உயர்ந்தால் கம்பியும் உயரும், அழுத்துகிற விரலுக்கு அவ்வளவு பலம் வேண்டும். அது தாழ்ந்தால் கம்பியும் தாழும், பலமில்லாத விரல்கூட அழுத்திவிடலாம். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு தாடிக்காரனின் வீடியோவைக் காலையிலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவன் பேசுகிற இங்கிலீஷில் பாதி மூக்குக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எங்கள் கான்வென்டில் அப்படிப் பேசியிருந்தால் வராந்தாவில் முட்டி போட வைத்திருப்பார்கள். மெதுவாக இழுங்கள், பொறுமையாக இழுங்கள் என்கிறான். பொறுமையாம். குறடு இருந்தால் ஒரே இழுப்பு. குறடு ஸ்கூட்டரின் டூல் பாக்ஸோடு போய்விட்டது, ஸ்கூட்டர் அவர் தம்பி மகனோடு போய்விட்டது. பாத்திரம் இறக்குகிற இடுக்கி இருக்கிறது. அதன் வாயில் கரித்துணியைச் சுற்றி, எலும்பு நசுங்காமல் பிடித்து, இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம், பிசாசே வந்து தொலை.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடும்வரை எனக்கு நேரம் இருக்கிறது, அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். சமையலறைக் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டு, காலையில் அவசரமாக ஊறப்போட்ட அரிசியைக் கிரைண்டரில் கொட்டியிருக்கிறேன், அந்தப் பக்கத்து அறையில் படுத்திருக்கிறவருக்கு இந்தச் சத்தம் எதுவும் கேட்கக் கூடாதென்று. அரிசி அரைபட்டு முடிந்து எத்தனையோ நேரம் ஆயிற்று. மாவு இனி இட்லிக்கு ஆகாது, சூடேறிப் பசை மாதிரி சுற்றுகிறது, சுற்றட்டும். சாயங்காலம் சிஸ்டர் எவாஞ்சலின் வந்து இந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஹாஸ்டல் பிள்ளைகளின் பாடல் குழுவுக்காம். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொல்கிறார் காலையில், நேற்று சிஸ்டரிடம் போனில் பேசிவிட்டேன், இன்றைக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று, ஏதோ பழைய பேப்பர்காரனுக்குச் சொல்லிவிட்ட மாதிரி. ஏன் என்றேன். "சும்மாதானே கிடக்கு யூஜி" என்றார். அதற்குமேல் சட்னி கேட்டார். சும்மாதானே கிடக்கு. எது சும்மா கிடக்கிறது, யார் சும்மா கிடக்கிறார்கள், கேட்டிருக்கலாம், என் வாய்க்கு அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, பாலக்கரை மார்க்கெட்டில் மீன்காரம்மாக்களே என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கேட்கவில்லை. சட்னியை வைத்தேன். எவாஞ்சலின் என்றால் யாரோ என்னவோ என்று நினைக்க வேண்டாம், தனபாக்கியம்தான், எட்டாம் வகுப்பில் என் கணக்குத் தாளைப் பார்த்து எழுதிய அதே தனம், இப்போது தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தால் நான் எழுந்து நின்று சிஸ்டர் என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறேன்.

வந்துவிட்டது. இடுக்கியோடு நானும் பின்னால் போய் மிக்ஸி மேடையில் இடித்துக்கொண்டேன், ஆனால் வந்துவிட்டது, உள்ளங்கையில் கிடக்கிறது, சீவின பல் மாதிரி. இவ்வளவு சின்னதா. கட்டைமேல் நிற்கும்போது என்னமோ கோட்டைச்சுவர் மாதிரி தெரிந்தது. அடிப்பக்கம் மட்டும் மஞ்சளாக இருக்கிறது, மேலே கம்பிகள் உட்கார்ந்து உட்கார்ந்து ஆறு சின்னக் கோடு. கல்யாணமான புதிதில் நான் வைத்த மாட்டெலும்பு சூப்பிலிருந்து எடுத்த எலும்பு இது. அதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். கடையில் வாங்கின கிட்டாரில் பிளாஸ்டிக்தான் இருந்தது, அதில் சத்தம் இல்லை, கோயிலில் கடைசி பெஞ்சுவரைக்கும் போய்ச் சேரவில்லை என்று அவருக்கு ஒரே குறை. அப்போது எங்கள் கோயிலில் பாடல் குழுவுக்கு மைக் கிடையாது. நான் சூப்பு வைத்த அன்றைக்குத் தட்டிலிருந்து கெட்டியான ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார், நான் ஏதோ மயிர் கிடக்கிறது போல என்று பயந்து போய்ப் பார்க்கிறேன், இவர் என்னடாவென்றால் இது சரியா இருக்கும் என்கிறார். அதைச் சோடா உப்பில் வேகவைத்து, மொட்டைமாடியில் காயவைத்து, காக்கை ஒருமுறை தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து மாடியில் போட்டு, அதற்கு ஒரு சண்டை நடந்து, பிறகு ஆக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, அந்த மாதம் முழுக்க வீடே பல் டாக்டர் கிளினிக் மாதிரி நாறியது. என் அம்மா வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாள். வேண்டுமென்றே உயரமாகச் செய்தார். கம்பி உயர்ந்து நின்றால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கம்பி கட்டையில் மோதாது, சத்தம் திடமாக வரும், அழுத்துகிறவன்தான் பாவம். அழுத்துவார். அவர் இடது கை விரல் நுனிகள் செருப்புத் தோல் மாதிரி இருக்கும், என் கன்னத்தில் பட்டால் கீறும், கீறுகிறது என்று தட்டிவிட்டிருக்கிறேன். இப்போது அந்த நுனிகள் மிருதுவாகிவிட்டன. மழைக்காலத்தில் ஒருநாள் காலை ஷேவ் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்ததிலிருந்து. பால்கோவா மாதிரி மிருது.

உப்புத்தாளை கிரானைட் மேடையில் செல்லோடேப்பால் நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறேன். எலும்பின் மேல்பக்கத்தைத் தொடக் கூடாது, அடிப்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும், அதுவும் சாயாமல், ஒரே சமமாக, தாடிக்காரன் அதை மட்டும் தெளிவாகச் சொன்னான். பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இந்தக் கோடு போடுவது எனக்குத் தெரியும், கான்வென்டில் தையல் வகுப்பில் பாவாடை விளிம்புக்குச் சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டே என் பிள்ளைப்பருவம் போனது. கோடு கோணினால் சிஸ்டர் பிரித்துவிடுவார்கள், மறுபடி தை. டேபிள் கிளாத்தில் ரோஜாப்பூ போட, கைக்குட்டையில் இனிஷியல் போட, பியானோவில் மணிக்கட்டைத் தொங்கவிடாமல் வாசிக்க, விருந்தாளிக்குக் கப்பை எந்தக் கையால் நீட்ட, எல்லாம் சொல்லித் தந்தார்கள், ஒரு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று ஒரு சிஸ்டருக்கும் வாய் வரவில்லை. சரக், சரக். வெள்ளைப்பொடி வருகிறது. வாடையும் வருகிறது, அதே பல் டாக்டர் வாடை, எத்தனை வருடத்துக்கு அப்புறம், இது எலும்புக்குள்ளேயே இத்தனை நாள் உட்கார்ந்திருந்திருக்கிறது. கதவிடுக்கு வழியாக அந்த அறைக்குப் போய்விடுமோ. போனால் எழுந்துவிடுவார். எழுந்தால் என்ன செய்வார், திட்டுவாரா. திட்டினால் நான் மெழுகுவத்தி வாங்கிக் கோயிலில் ஏற்றுவேன். அதுதான் போய்விட்டதே. காப்பி கொடுத்தால் தேங்க்ஸ் என்கிறார். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டால் தேங்க்ஸ் என்கிறார். உப்புக் கரித்த குழம்பை ஊற்றினேன் போனவாரம், வேண்டுமென்றேதான், இந்த வீட்டில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு நகரும் சத்தம் வாசல்வரை கேட்கும், பேசாமல் சாப்பிட்டுவிட்டு நல்லா இருந்துச்சு என்கிறார். யாரோ லாட்ஜில் தங்கியிருக்கிற மனுஷன் மாதிரி, காலி பண்ணிக்கொண்டு போகும் முன் எல்லாரிடமும் நல்லவனாக நடந்துகொள்கிற மாதிரி. முதலில் ஸ்கூட்டர். சரி, ஓட்ட முடியாது. அப்புறம் லெதர் ஷூ, வாட்ச்மேனுக்கு. இனி செருப்புதானே என்றார். அப்புறம் கேரம் போர்டு, மேல் வீட்டுக்காரர்களுக்கு. இப்போது இது. இதற்கப்புறம் இந்த வீட்டில் அவருடையது என்று கொடுக்க என்ன பாக்கி இருக்கிறது, கண்ணாடியும் ஜெபமாலையும்தான். அதை நினைத்தால் கை தானாக வேகமாகத் தேய்க்கிறது. வேகமாகத் தேய்த்தால் சாயும். சாயாமல் தேய்.

கோடுவரை தேய்த்தாயிற்று. ஊதி, துடைத்து, பள்ளத்தில் வைத்து, இனி ஆறு கம்பியையும் மறுபடி முறுக்க வேண்டும். இதைத்தான் தாடிக்காரன் சொல்லவே இல்லை, ஒவ்வொருமுறை பார்ப்பதற்கும் ஒவ்வொருமுறை தளர்த்தி ஒவ்வொருமுறை முறுக்க வேண்டுமென்று. அவன் வீடியோவில் கத்தரித்து ஒட்டிவிடுகிறான், வாழ்க்கையில் யார் கத்தரித்து ஒட்டுவது. அவருடைய டியூனிங் ஃபோர்க்கை முட்டியில் தட்டி, காம்பை மரத்தில் வைத்தால் மரம் முழுக்க ரீங்காரம் இடுகிறது. அந்தச் சுரம் எனக்குத் தெரியும், பியானோ தந்த ஒரே நல்ல காரியம் இந்தக் காதுதான். கிரைண்டர் சத்தத்தில் கேட்காது என்பதால் கிட்டாரைத் தரையில் கிடத்தி, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, காதை அதன் வயிற்றில் வைத்துக்கொண்டு முறுக்குகிறேன். யாராவது பார்த்தால் டாக்டரம்மா நோயாளியைப் பார்க்கிறாள் என்பார்கள். கம்பி கிறீச்சிட்டு ஏறுகிறது, அறுந்து முகத்தில் அடிக்குமோ என்று கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆயிற்று. இப்போது விரல். என் விரலால் அழுத்தினால் தெரியாது, எனக்குத் துணி பிழிந்து தேங்காய் திருகின விரல். அவர் விரல் மாதிரி, பலத்தை விட்டுவிட்டு, சும்மா வைத்த மாதிரி அழுத்த வேண்டும். வைக்கிறேன். தட்டுகிறேன். டப். மறுபடி. டப். எதுவுமே மாறவில்லை. இவ்வளவு தேய்த்தும் எதுவுமே மாறவில்லை.

இந்த டப் எனக்குத் தெரியும். முழுக்க அழுந்தாத கம்பி செத்துப்போன மாதிரி போடுகிற சத்தம். போன மாதம் கோயிலிலிருந்து சீக்கிரம் திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போது கதவுக்கு வெளியே கேட்டேன். டப். கொஞ்சம் இடைவெளி. டப். கூரையிலிருந்து பாத்திரத்தில் சொட்டுகிற மாதிரி. முதலில் குழாய் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே சாவியைப் போட்டேன், சாவிச் சத்தம் கேட்டதும் அது நின்றது. உள்ளே போனால் கிட்டார் ஆணியில் தொங்குகிறது, லேசாக ஆடிக்கொண்டு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அப்படியெல்லாம் சினிமாவில்தான், நேராகத்தான் பிடித்திருந்தார். ஆனால் மூச்சு வாங்கியது. பூசை முடிஞ்சிருச்சா என்றார். முடிஞ்சிருச்சு என்றேன். அடுத்தநாளே பிசியோ பண்ண வருகிற பெண் ஆணியைப் பார்த்துவிட்டு, அங்கிள் நீங்க கிட்டார் வாசிப்பீங்களா, விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லையே என்று குதிக்கிறாள். இல்லம்மா, அது சும்மா கிடக்கு என்றார். நான் பக்கத்தில் சப்பாத்தி மாவு உருண்டையோடு நிற்கிறேன், அவர் பிசைவதற்காக. முப்பது வருடம் குருத்து ஞாயிறு பவனியில் முன்னால் வாசித்துக்கொண்டு போன மனுஷன். இல்லம்மா என்கிறார். அந்தப் பெண் போனபிறகு கேட்டேன், கம்பியைக் கொஞ்சம் இறக்கினால் என்ன, கடையில் கொடுத்தால் செய்வார்களே என்று. கிட்டாருக்கு ஒண்ணுமில்ல, கைக்குத்தான் என்றார், தணிவாக, மரியாதையாக. கடைக்குக் கொடுத்தால் ஆணி காலியாக இருக்கும், கேட்பார், வேண்டாம் என்பார். பெங்களூரில் இருக்கிற மகள் ரோஷ்னி புதிதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன், நைலான் கம்பி, மெத்தென்று இருக்கும் என்கிறாள். அதற்கும் தேங்க்ஸ்மா என்றுவிட்டார். இந்த டப் என் மண்டைக்குள் குடிவந்துவிட்டது. சாம்பாரில் பெருங்காயம் போடும்போது டப். ராத்திரி அவர் புரண்டு படுக்கும்போது டப்.

ஏன் மாறவில்லை என்று வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன், சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்து. இருக்கிறது, சொல்லியிருக்கிறான், கூரியர்காரன் மணியடித்த நேரத்தில் சொல்லியிருப்பான். எலும்பில் எவ்வளவு தேய்க்கிறோமோ அதில் பாதிதான் விரல் இருக்கிற இடத்தில் கம்பி இறங்குமாம். பாதிதான். நான் கொடுப்பது இவ்வளவு, அங்கே போய்ச் சேர்வது பாதி. இதைக் கல்யாணமான எந்தப் பெண்ணும் கிட்டார் இல்லாமலே சொல்லிவிடுவாள். சரி, தளர்த்து. மறுபடி எலும்பை எடு, இந்தமுறை சுலபமாக வந்துவிட்டது, மறுபடி கோடு, மறுபடி சரக் சரக். கோடு போட்டேனா, போட்டேன், ஆனால் கோட்டைப் பார்க்கவில்லை. மனது தனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த ஹாஸ்டல் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கம்பியைப் பிடித்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த எலும்பு உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக்கைச் செருகுவார்கள், ஏன் செருக மாட்டார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் காக்கை தூக்கிக்கொண்டு போன கதை. கை தேய்த்துக்கொண்டே இருக்கிறது. விரல் நுனியில் என் தோலும் சேர்ந்து தேய்ந்து எரிகிறபோதுதான் நிறுத்தினேன். பார்த்தால் கோடே இல்லை. கோட்டையும் தாண்டி எங்கேயோ போய்விட்டேன். போட்டுப் பார்ப்போம், போட்டுப் பார்த்தால்தானே தெரியும், முறுக்கு, ஃபோர்க், காது, முறுக்கு. விரலைச் சும்மா வைக்கிறேன். தட்டுகிறேன். இல்லை, டப் இல்லை. சுரம். முழுசாக, வழுவழுப்பாக ஒரு சுரம். இன்னொரு கம்பி, அதுவும் வருகிறது. தடித்த கம்பியைத் தட்டினால் ஏதோ கறகறவென்று கேட்கிறது, கிரைண்டரா கம்பியா தெரியவில்லை, கிரைண்டரை நிறுத்தினேன்.

கம்பிதான். தாழ இறங்கிவிட்ட கம்பி கழுத்தில் குறுக்கே பதித்த பித்தளைக் கட்டைகளில் மோதி, தொண்டையில் சளி கட்டின ஆள் மாதிரி கறகறக்கிறது. இதை அவர் ஒரு கணம்கூடத் தாங்க மாட்டார். பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் எவனோ வாசிக்கிற கிட்டார் கறகறத்தால் சாப்பிடாமல் எழுந்து வருகிறவர். இதைக் கேட்டால் என்ன நினைப்பார், கை இல்லை என்று தெரிந்தது, இப்போது கிட்டாரும் இல்லை என்று நினைப்பார், எலும்பையும் கெடுத்தாயிற்று, கொடுத்துவிடு தாராளமாக என்பார், தேங்க்ஸ் என்றுகூடச் சொல்வார். தேய்த்ததை எப்படி ஒட்டுவது. தையலில் அதிகமாக வெட்டிவிட்டால் ஒரு பட்டை வைத்துத் தைக்கலாம், அடியில் ஒட்டுத் துணி கொடுக்கலாம். அடியில். எலும்புக்கு அடியில் ஏதாவது மெல்லிசாக வைத்தால் ஏறும். பேப்பர் வைத்தேன், மடித்து. கம்பியை முறுக்கினால் நசுங்கிவிட்டது, கறகறதான். தீப்பெட்டி அட்டை வைத்தேன், அது ரொம்பவே தூக்கிவிட்டது, மறுபடி டப். நடுவில் ஏதாவது வேண்டும், கெட்டியாக, நசுங்காமல், மெல்லிசாக. கூடைப் பிரம்பா. துடைப்பக்குச்சியா, சே. கதவைத் திறந்து ஹாலை எட்டிப் பார்த்தேன். அவர் அறையில் சத்தமில்லை. ஆணி காலியாக இருக்கிறது, சுவரில் கிட்டார் வடிவத்தில் வெளிறின இடம். அதற்குப் பக்கத்தில் பீடம், பாடுபட்ட ஆண்டவரின் சுரூபம், சுரூபத்துக்குப் பின்னால் செருகின குருத்தோலைச் சிலுவை.

இந்த வருடத்துக் குருத்தோலை. எப்போதும் அவர்தான் மடிப்பார், வாசித்த கையோடு உட்கார்ந்து, நிமிடத்தில் சிலுவை ஆகிவிடும். இந்த வருடம் நாங்கள் பவனியில் நடக்கவில்லை. கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், பவனி எங்களைத் தாண்டி உள்ளே போயிற்று, யாரோ கீபோர்டு வாசித்தார்கள், அதற்கு ஸ்பீக்கர் வேறு. ஒற்றைக் கையால் ஓலையை மடிக்கப் பார்த்தார், வரவில்லை, என்னிடம் தந்தார். நான் மடித்தது கோணல் சிலுவை. மந்திரித்த ஓலை, தபசுகாலம் வரும்போது கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை எரித்த சாம்பலைத்தான் சாமியார் நெற்றியில் பூசுவார், அதுவரை வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், நறுக்கக் கூடாது, கான்வென்டில் படித்தவளுக்கு இது தெரியாதா. தெரியும். மன்னிச்சிரும் ஆண்டவரே, உமக்குச் சாம்பல் வேறு ஓலையில் கிடைக்கும். நகம் வெட்டுகிற கத்தரியால் எலும்பின் அகலத்துக்கு ஒரு கீற்று நறுக்கினேன். காய்ந்து எலும்பு நிறத்துக்கே வந்திருந்தது. பள்ளத்தில் படுக்கவைத்து, அதன்மேல் எலும்பை நிறுத்தி, முறுக்கு, காது, ஃபோர்க். தடித்த கம்பியைத் தட்டினேன். சுத்தமாக வந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தபிறகு காற்றில் ஒன்று மிஞ்சுமே, அது மாதிரி. நான் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு, முதுகை அலமாரியில் சாய்த்தேன். அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உறைத்தது. கிரைண்டரை நிறுத்தினவள் மறுபடி போடவே இல்லை.

ஒரு செருப்பு நடக்கிறது, ஒரு செருப்பு இழுபடுகிறது. நடக்கிறது, இழுபடுகிறது. மறைக்க நேரமில்லை, மறைக்க இடமும் இல்லை, கிட்டாரை எந்தப் பாத்திரத்துக்குள் வைப்பது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தூக்கத்தில் ஒரு பக்கத்து முடி எழும்பி நிற்க. என்னைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். கறுப்பு கிரானைட்டில் வெள்ளைப்பொடி கோலமாவு கொட்டின மாதிரி கிடக்கிறது, உப்புத்தாள், இடுக்கி, கத்தரி, நசுங்கின பேப்பர். மூக்கை உறிஞ்சினார். வாடை.

"வியாழக்கிழமை யாரு மாவாட்டுவா?" என்றார். "அப்பவே நெனச்சேன்."

எவ்வளவு எடுத்த என்று கேட்டார். வேணுங்கிற அளவு எடுத்தேன் என்றேன். முக்காலியை இழுத்து உட்கார்ந்தார், உட்கார எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியும், எழுந்து பிடிக்கப் போகவில்லை, பிடித்தால் தேங்க்ஸ் சொல்லிவிடுவாரோ என்று பயம். கையை நீட்டினார். கொடுத்தேன். எலும்பைத்தான் முதலில் பார்த்தார், குனிந்து, அதன்மேல் கட்டைவிரலை ஓட்டி, பிள்ளைக்கு முடிவெட்டிக் கொண்டுவந்தால் அப்பன்கள் தடவிப் பார்ப்பார்களே அப்படி. இடது கையை வலது கையால் தூக்கிக் கழுத்தில் வைத்தார். இரண்டே விரல் போதும் என்கிற, ஆறு கம்பியும் சேர்ந்து ஒலிக்கிற ஒரு சின்னக் கார்டு இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லித் தருவார், சோகமான கார்டு. நடுவிரல் போய் உட்கார்ந்தது. மோதிரவிரல் வழியில் நின்றுவிட்டது, யோசித்தது, அப்புறம் போனது. வலது கையால் வருடினார். ஒரு கம்பி முழங்கியது, இன்னொன்றும், மோதிரவிரல் இருக்கிற கம்பி மட்டும் டப். விரலைத் திருத்தி வைத்து மறுபடி வருடினார். டப். நெற்றியில் வேர்வை. போதும் விடுங்கள் என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது, அதைச் சொல்வதற்காகவா இந்த மதியம் முழுக்க என் விரலைத் தேய்த்தேன், வாயை மூடு யூஜினி, வாழ்க்கையில் ஒருமுறை மூடு.

அவர் நிமிராமலே சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் இறக்கலாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, கோபம்தான் வந்தது, எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். இறக்கினேன், இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றியிருக்கிறேன், கறகறவென்கிறது, அதனால்தான் அடியில் ஓலை வைத்திருக்கிறேன் என்று கொட்டினேன். என்ன ஓலை என்றார். ஹால் பக்கம் கையைக் காட்டினேன். அவர் கழுத்தைத் திருப்பிப் பீடத்தைப் பார்த்தார், ஒரு கை குறைந்த சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நரகத்துக்குப் போவது உறுதி என்கிற மாதிரி வாயின் ஒரு ஓரம் மட்டும் ஏறியது, ஏறுவது அந்த ஓரம் மட்டும்தான்.

"எடுத்துடு அதை."

"எடுத்தா கறகறங்கும். உங்களுக்கு ஆகாது."

"கறகறங்கட்டும். இப்ப கடைசி பெஞ்சுல யாரு இருக்கா?"

மறுபடி தளர்த்தினேன். ஆறு கம்பியையும். அவர் கிட்டாரைத் தொடைமேல் பிடித்துக்கொண்டிருக்க, நான் முன்னால் குத்தவைத்து, எலும்பை நிமிண்டி எடுத்து, ஓலைக் கீற்றை நகத்தால் நெம்பி எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டேன், மந்திரித்ததைக் குப்பையில் போட முடியாதே. எலும்பைத் துடைத்து மறுபடி வைக்கப் போகும்போதுதான் வாசல் மணி அடித்தது. இரண்டுபேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். போய்த் திற என்று அவர் சொல்லவில்லை. நானாக எழுந்து போனேன், எலும்புப்பொடி படிந்த நைட்டியோடு, தலை கலைந்து. வாசலில் முக்காடும் கக்கத்தில் குடையுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தின மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறாள், கிட்டாரை இப்போதே வாங்கிக்கொள்கிற மாதிரி. மரியே வாழ்க யூஜினி, ரெடியா இருக்கா என்றாள். சிஸ்டர் என்று கூப்பிட வாயைத் திறந்தேன், என் வாயிலிருந்து வந்தது வேறு.

"உள்ள வா தனம். காப்பி குடிச்சிட்டுப் போ. கிட்டாருக்கு இப்ப எலும்பு இல்ல, எடுத்துட்டுப் போக முடியாது."

அவள் விழிக்கிறாள், என் கையைப் பார்க்கிறாள், நான் விரலைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் குரல், பாத்திரம் உருள்கிற மாதிரி, நான் மறந்தேபோயிருந்த அந்தக் குரல்.

"யூஜி, எலும்பைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல என்ன கதை? கொண்டா இங்க. உனக்கு எத்தனை தடவை சொல்றது, ஒரு வேலைய எடுத்தா முடிக்காம நகரக் கூடாதுன்னு."

வரேன் என்று நானும் கத்தினேன்.